கருவாடு தூக்கி வீடும் ஃபோலி வீடும்

போன மாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்குவதற்காக, நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுகாதார நிலையத்துக்கே நோயாளியாகப் போனேன். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு மேலே புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். அதில் சிவப்பு எழுத்தில் எண்கள் வருகின்றன. எண் வந்ததும் 'டிங்' என்று ஒரு சத்தம். அந்த எண்ணுக்குரியவர் எழுந்து போய் மாத்திரையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறார். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேலைக்காலம் முழுவதும் அதே ஜன்னலில் நின்று தொண்டை வறளப் பெயர் கூப்பிட்ட எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எனக்குக் குரல் வளம் உண்டு. சும்மா சொல்லவில்லை. நான் "கோவிந்தம்மா" என்று கூப்பிட்டால் ஏரிக்கு அக்கரையில் இருக்கிற கோவிந்தம்மாவும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள் என்று டாக்டர்களே கேலி செய்திருக்கிறார்கள்.

இப்போது அந்த ஜன்னலில் இருக்கும் கவிதா மீஞ்சூரிலிருந்து வந்து போகிற பெண். "நம்பர் இல்லாம எப்படி சார் சமாளிச்சீங்க? இந்த ஊர்ல பாதிப் பேர் ஏழுமலை, மீதிப் பேர் முருகன். எழுதிக் குடுங்க சார், நாங்க படிக்கிறோம்" என்றாள். மரியாதைக்குக் கேட்டாளோ என்னவோ. கேட்டதுதான் தாமதம், நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் பொன்னேரிக்கு உள்ளே தள்ளி, நெல் விளைகிற ஒரு கிராமம். மருந்தாளுநர் படிப்பு, பரீட்சை, இரண்டு ஊர் மாற்றல், பிறகு பழவேற்காடு ஏரிக்கரை. படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மருந்துகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். மனிதர்களின் பெயர்கள்தான் தலைவலி என்று எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாளே "ஏழுமலை" என்று கூப்பிட்டேன். நான்கு பேர் எழுந்து வந்தார்கள். அப்போதெல்லாம் இருமல் மருந்தைப் பெரிய ஜாடியிலிருந்து அவரவர் கொண்டுவரும் பாட்டிலில் ஊற்றித்தர வேண்டும். தித்திப்பாக இருக்கும் என்பதால் அதற்குக் கிராக்கி அதிகம். நான்கு பேரும் பாட்டிலை நீட்டினார்கள். "யாருக்கு இருமல்?" என்று கேட்டேன். நான்கு பேரும் இருமினார்கள்.

உள்ளேயிருந்து ரெஜினா சிஸ்டர் வந்தார். எங்கள் தலைமை நர்ஸ். டாக்டர்கள் வருவார்கள், மாறிப் போவார்கள். நிலையத்தை நடத்தியது ரெஜினா சிஸ்டர்தான். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. பிடிக்காதது நடந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் நிதானமாகத் துடைப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் நாம் செய்த தவறை நாமே கண்டுபிடித்துத் திருத்திவிட வேண்டும். அன்றைக்கு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கண்ணாடி பளபளவென்று ஆகிவிட்டது.

"கம்பவுண்டர், பேர் கூப்பிடறது வெளிய. வீடு கேக்கறது உள்ள" என்றார்.

அதுதான் எங்கள் முறை. பெயரை உரக்கக் கூப்பிட வேண்டும். ஆள் ஜன்னலுக்கு வந்ததும் தலையைக் குனிந்து, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காமல், "எந்த வீடு?" என்று கேட்க வேண்டும். அவரும் கம்பி வலையில் வாயை வைத்து மெதுவாகச் சொல்வார். சீட்டோடு சரிபார்த்து, மருந்தைக் கொடுத்து, எப்போது சாப்பிட வேண்டும் என்பதை அவர் வாயால் சொல்லவைத்து அனுப்ப வேண்டும்.

வீடு என்றால் கதவு எண் இல்லை. ஏரிக்கரைக் குப்பங்களில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். அதனால் அதே ஏழுமலையும் அதே முருகனும் தலைமுறைக்குத் தலைமுறை சுற்றிச்சுற்றி வருவார்கள். எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர். கெளுத்தி வீடு, தூங்குமூஞ்சி வீடு, ரெட்டை மண்டை வீடு. எந்த வீட்டாரும் தங்கள் பெயரைத் தாங்களே வைத்துக்கொள்ளவில்லை, ஊர் வைத்தது. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னால் அடிதடிதான். அப்படிச் சொல்லி வாங்கிக்கொண்டு தையல் போட வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை ஒரு வீட்டுப் பெயரைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். கண்ணாடி கழன்றது.

"இதுவும் நோய் மாதிரிதான் கம்பவுண்டர். அவங்களா கேட்டு வாங்கிக்கல" என்றார் சிஸ்டர். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தால் உள்ளே போய் ஜாடியைக் கழுவுவேன். எங்கள் நிலையத்து ஜாடிகள் மிகவும் சுத்தமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

இந்தக் குரலால் எனக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. கோட்டைக்குப்பத்தைத் தாண்டி இருக்கிற நடுமேட்டுக் குப்பத்தில் வருடத்துக்கு ஒருமுறை பாடு போடுவார்கள். ஏரியில் எந்த வீடு எந்த இடத்தில் வலை போடுவது என்று முடிவு செய்கிற சீட்டுக் குலுக்கல் அது. முகத்துவாரப் பக்கம் கிடைத்தால் இறால் அள்ளலாம். சேற்றுப் பக்கம் கிடைத்தால் வலை கழுவவே நேரம் போய்விடும். வீடுகளின் பெயரைக் கூப்பிடுகிறவர் பங்கில்லாத வெளியூர்க்காரராக இருக்க வேண்டும் என்பது அங்கே கட்டுப்பாடு. பெரியவர்கள் சிஸ்டரிடம் வந்து ஆள் கேட்டார்கள். "குரல் இருக்கு. சிரிப்பும் இருக்கு. சொல்லி அனுப்பறேன்" என்று அவர் என்னை அனுப்பிவைத்தார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை.

பாடு நாளில் மட்டும் பட்டப்பெயரை உரக்கச் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஏரியில் உரிமை ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. அம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் வீட்டுப் பெயரை மூன்று முறை கூப்பிடுவேன். அந்த வீட்டுத் தலைக்கட்டு "இருக்கேன்" என்று சொல்லி எழுந்து வந்து பானையில் கைவிட்டு ஒரு சிப்பியை எடுக்க வேண்டும். சிப்பியில் இருக்கிற அடையாளம்தான் அவர்களுடைய இடம். மூன்றாவது கூப்பாட்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு அந்த வருடம் ஏரியில் இடமில்லை. பெயர் வேண்டாம் என்றால் பாடும் வேண்டாம் என்று பொருள். அன்றைக்கு யாரும் சிரிக்கவும் கூடாது. சிரித்தவர் மொத்தக் குப்பத்துக்கும் டீ வாங்கித்தர வேண்டும்.

இனி நான் பட்ட பாட்டுக்கு வருகிறேன்.

நடுமேட்டில் இருக்கிற ஏழுமலைகளில் ஒருவர் எனக்கு நல்ல சிநேகிதர். அவருடைய மகன் தினேஷ் அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறான். அங்கே கூட வேலை செய்கிற ஓர்லா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுடைய அப்பா, "நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று தினேஷோடு கிளம்பி வந்துவிட்டார். அவர் பெயர் ஃபோலி. அங்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆள் நெடுநெடுவென்று, வெயில் பட்டு வேகவைத்த நண்டு நிறத்தில் இருந்தார்.

ஓய்வு பெற்றவருக்கு ஓய்வு பெற்றவர் துணை என்று ஏழுமலை என்னையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். எனக்கும் இங்கிலீஷ் தெரியும், மாத்திரை அட்டையில் இருக்கிற அளவுக்கு. ஃபோலி பேசுகிற இங்கிலீஷ் எந்த அட்டையிலும் இல்லை. தினேஷ்தான் சொல்லிச்சொல்லி வந்தான்.

ஃபோலிக்கு ஒரே பைத்தியம், குடும்பப் பெயர். அவர்கள் நாட்டில் பெயருக்குப் பின்னால் வீட்டுப் பெயர் கண்டிப்பாக உண்டாம். பழைய காலத்தில் அதற்கு முன்னால் 'ஓ' என்று ஒன்று இருக்குமாம். 'ஓ' என்றால் பேரன். ஓ ஃபோலி என்றால் ஃபோலி என்கிற பாட்டனின் பேரன். அந்த முதல் பாட்டன் தெற்குக் கடற்கரையில் பல நூறு வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்தவராம். இங்கிலீஷ்காரன் ஆட்சியில் 'ஓ' போட்டுக்கொண்டால் உத்தியோகம் கிடைப்பது கஷ்டம் என்று பல குடும்பங்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டன. பிறகு காலம் மாறியதும் சிலர் திரும்ப மாட்டிக்கொண்டார்கள். ஃபோலியின் தாத்தாவும் அவருடைய தம்பியும் இந்த 'ஓ'வுக்காகச் சண்டை போட்டுச் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். ஒரு கல்லில் 'ஓ' உண்டு, மற்றதில் இல்லை.

"எழுத்து ஒண்ணுக்காகவா?" என்று ஏழுமலை வாயைப் பிளந்தார். பிறகு கேட்டார்: "அந்த மொத பாட்டன் இன்னா வேல பண்ணாராம்?"

தினேஷ் கேட்டுச் சொன்னான். ஃபோலி தட்டில் இருந்த நண்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"கடலோரத்துல பெரிய மனுஷராம் நைனா. கப்பல், படைலாம் வெச்சிருந்தாராம்."

ஏழுமலையின் முகம் இறுகியது. இங்கேதான் அவர் தப்புக்கணக்குப் போட்டுவிட்டார். பெண் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டுக் குலம் கோத்திரம் விசாரிக்க வந்திருக்கிறார், பிடித்தால்தான் பெண்ணைக் கொடுப்பார் என்று முடிவு செய்துவிட்டார். அங்கே பெண்ணே முடிவு செய்துகொள்வாள் என்று தினேஷ் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் அவர் நம்பவில்லை. "பொண்ணு சொன்னா மட்டும்? இவரு இம்மாந்தூரம் சும்மாவா வந்துக்கிறாரு?"

அடுத்து ஃபோலி, "உங்கள் வீட்டுப் பெயர் என்ன?" என்று கேட்டார். அடுப்படியில் கரண்டி விழுந்தது.

"கடல்ராஜா வீடு" என்றார் ஏழுமலை.

எனக்குப் புரை ஏறியது. ஃபோலிக்கு ஒரே சந்தோஷம். பிறக்கப்போகிற பேரக்குழந்தைகள் இரண்டு வீட்டுப் பெயரையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். கழுவ ஜாடி எதுவும் இல்லாததால் நான் என் தட்டையே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

மறுநாள் காலையிலேயே ஏழுமலை என் வீட்டு வாசலில் நின்றார்.

"கம்பவுண்டர் சார், நாளைக்குப் பாடு. சம்பந்திய முன்னால நாற்காலி போட்டுக் குந்த வெக்கப் போறாங்களாம். நீங்க எங்க வூட்டக் கூப்பிடும்போது கடல்ராஜா வூடுனு கூப்பிட்டுடுங்க."

"அப்படி ஒரு வீடு உங்க குப்பத்திலேயே இல்லையே, ஏழுமலை."

"இல்லனா இன்னா? நாளையிலேர்ந்து இருக்கட்டுமே."

"தணிகாசலம் சும்மா விடுவாரா?"

ஏழுமலை வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய வீட்டின் உண்மையான பெயர் கருவாடு தூக்கி வீடு. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் ஒருநாள், கரையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு கூடைக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். மழை வந்தது, நனையாமல் காப்பாற்றத்தான் தூக்கினார் என்பது ஏழுமலை வீட்டுக் கட்சி. கூடை போன பிறகுதான் மழை வந்தது என்பது எதிர்க்கட்சி. அந்தக் கூடைக்குச் சொந்தக்காரியின் வம்சம்தான் தணிகாசலம்; அவருடையது கூடைக்காரி வீடு. ஏழுமலையும் தணிகாசலமும் ஒரே படகில் போகிறவர்கள், ஒரே பீடியைப் பங்குபோட்டுக் குடிக்கிறவர்கள். ஆனால் மழை முதலில் வந்ததா கூடை முதலில் போனதா என்பதில் மட்டும் இன்றுவரை சமாதானம் இல்லை. பொய்ப் பெயரில் கூப்பிட்டால் தணிகாசலம் எழுந்து நின்று சீட்டே செல்லாது என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

"அப்ப நான் பதில் சொல்ல மாட்டேன்" என்றார் ஏழுமலை.

"பாடு போயிடுமே. நீயும் உன் தம்பியும் வருஷம் முழுக்க அடுத்தவன் வலையில கூலிக்கா போவீங்க?"

"போறோம். புள்ள கல்யாணத்தவிட ஏரி பெருசா சார்?" சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று. வீட்டு வலை ஏரியில் இறங்காத வருடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீடுகளுக்குச் சத்து மாத்திரை கொடுத்தவன் நான். மெதுவாகக் கூப்பிடுகிறேன், சம்பந்தி காதில் விழாதபடி பார்த்துக்கொள்கிறேன், நீ பதில் மட்டும் சொல்லிவிடு என்று சொல்லி அனுப்பினேன். ரெஜினா சிஸ்டர் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கண்ணாடியைத் துடைத்திருப்பார்.

பாடு தொடங்கியது. ஃபோலி முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், தலையில் துண்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். தினேஷ் அவர் பக்கத்தில். கெளுத்தி வீட்டார் வந்தார்கள், எடுத்தார்கள். தூங்குமூஞ்சி வீட்டுக்காரர் முதல் கூப்பாட்டிலேயே குதித்து எழுந்தார். அடுத்தது ஏழுமலை வீடு.

"கருவாடு தூக்கி வீடு" என்றேன், ஜன்னலில் வீடு கேட்கிற மெல்லிய குரலில்.

"இன்னா கம்பவுண்டரே, தொண்டைல மீன் முள்ளா?" என்று பின்னாலிருந்து தணிகாசலம் கேட்டார். "எங்களுக்கே கேக்கல. ஏரிக்கு எப்படிக் கேக்கும்?"

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. என் குரலுக்கு இப்படி ஒரு அவமானமா என்று எனக்கும் சுருக்கென்றது. இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. ஏழுமலை தலையைக் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். பதில் இல்லை. அவருடைய தம்பி முழங்கையால் இடித்துப் பார்த்தார். அப்போதும் இல்லை.

மூன்றாவது கூப்பாடு பாக்கி. நான் தண்ணீர் கேட்டேன். குடித்தேன். வாய் கொப்பளித்தேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தேன். இதற்குமேல் தாமதிக்க எனக்கு வழி தெரியவில்லை. அந்த நேரத்தில் ஃபோலி தினேஷின் தோளைத் தட்டி, என்ன நடக்கிறது என்று கேட்பது தெரிந்தது. தினேஷ் அப்பாவைப் பார்த்தான். சித்தப்பாவைப் பார்த்தான். பிறகு குனிந்து, கூடை, கருவாடு, மழை எல்லாவற்றையும் ஃபோலியின் காதில் சொல்லிவிட்டான்.

ஃபோலி சிரித்தார். எப்படிப்பட்ட சிரிப்பு என்றால், நாற்காலியின் ஒரு கால் மணலில் இறங்கி, அவர் சாய்ந்து, இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. பாடு நாளில் சிரிப்பு! ஏழுமலை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஃபோலி எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊரைப் பார்த்துப் பேசினார். தினேஷ் அதை அப்பாவுக்குச் சொன்னான்.

"நைனா... இவரு முந்தாநேத்து சொன்னது பாதி பொய்யாம். ஃபோலினா அவங்க பழைய பாஷைல கொள்ளக்காரன்னு அர்த்தமாம். கடலோரத்துல கொள்ள அடிச்சவரோட பேரன், அதான் ஓ ஃபோலியாம். கப்பல் இருந்துச்சாம், ஆனா யாரோட கப்பல்னு தெரியாதாம். நீங்க பொண்ணு எடுக்க மாட்டீங்கனு பயந்து மறைச்சாராம்."

ஃபோலி ஏழுமலையைப் பார்த்து இன்னும் ஒன்று சொன்னார்.

"'உங்க பாட்டனுக்காச்சும் சாக்கு சொல்ல ஒரு மழை வந்துச்சு, எங்க பாட்டனுக்கு அதுகூட வரல'னு சொல்றாரு நைனா."

ஊரில் முதலில் சிரித்தது தணிகாசலம்தான். பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. நானும் சிரித்தேன். கழுவ ஜாடி இல்லை, தேடவும் இல்லை. அதற்குள் ஊர்ப் பெரியவர் கையை உயர்த்தினார். முறை என்றால் முறை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஜன்னலில் நின்ற காலத்தில்கூடக் காட்டாத குரலில் கூப்பிட்டேன்.

"கருவாடு தூக்கி வீடு!"

"இருக்கேன்!" என்றார் ஏழுமலை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். பானையில் கைவிட்டார். வந்தது சேற்றுப் பாடு. குப்பத்திலேயே மோசமான இடம். அவர் அந்தச் சிப்பியை மாப்பிள்ளை ஊர்வலத்தில் மாலையைத் தூக்கிக் காட்டுவதுபோல ஊருக்கெல்லாம் காட்டினார். முதலில் சிரித்த குற்றத்துக்காக ஃபோலி மொத்தக் குப்பத்துக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வெளியூர்க்காரர் என்று யாரும் சலுகை காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று, தணிகாசலம் ஒரு கூடைக் கருவாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அதை ஃபோலியின் கையில் கொடுக்காமல் ஏழுமலையின் கையில் கொடுத்தார். "இந்தத் தபா நாங்களே குடுக்குறோம்ப்பா. சம்பந்தி கிட்ட நீயே குடு. தூக்கினு ஓட வேணாம்" என்றார். ஏழுமலை வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மழை வர்ற மாதிரிதான்கீது" என்றார். அந்தக் கருவாடு விமானத்தில் ஏறியதா, வழியில் யாராவது பிடுங்கிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் ஏழுமலையும் தணிகாசலமும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

கல்யாணம் நடந்தது. இந்த வருடம் பெண் குழந்தை பிறந்தது. பெயர் நீலா. பெயர் வைக்கிற நாளில் ஏழுமலை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சுவரில் சாய்த்து வைத்த போனில் அயர்லாந்து தெரிந்தது. ஓர்லாவின் மடியில் குழந்தை, பின்னால் தினேஷ், பக்கத்தில் அதே சிவந்த முகத்தோடு ஃபோலி.

"கம்பவுண்டர் சார், நீங்கதான் கூப்பிடணும். முறையா" என்றார் ஏழுமலை.

உட்கார்ந்துகொண்டு கூப்பிட எனக்கு வராது. எழுந்து நின்றேன்.

"கருவாடு தூக்கி வீடு, கொள்ளைக்காரன் வீடு, நீலா!"

குழந்தை கட்டைவிரலைச் சப்பியது. இரண்டாவது முறை கூப்பிட்டேன். கொட்டாவி விட்டது. மூன்றாவது முறை, பலகையில் வருகிற எந்த எண்ணுக்கும் கிடைக்காத மரியாதையோடு, முழுக் குரலில் கூப்பிட்டேன். குழந்தை தூங்கிவிட்டது.

"பதில் இல்லையே. பாடு போச்சு" என்றார் தணிகாசலம், மூலையிலிருந்து.

ஏழுமலை துள்ளி எழுந்தார்.

"யாரு சொன்னது? இருக்கா! கருவாடு தூக்கி வூட்டுப் புள்ள, இருக்கா!"

அந்தச் சத்தம் என் குரலைவிடப் பெரிதாக இருந்தது என்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடு இங்கே ஒப்புக்கொள்கிறேன்.